அக்கான்ர ஸ்டாட்ஸ் வகுப்பும் எங்கட இசட் ஸ்கோரும்

போன யூன் மாதம் ஒரு நாள் விடிய கடையைத் திறந்து போட்டோகொப்பி மெசினைச் சூடாக விட்டிட்டு பிளேன்ரீயோட நிக்கேக்க அக்காட்ட இருந்து வட்ஸப்பில ஒரு படம் வந்துது, பாத்தால் இங்கிலீசில நீட்டா ஒரு பட்டியல், ஒவ்வொண்டுக்கும் முன்னால ஒரு நம்பர், பின்னால ஒரு நம்பர். முதல்ல ஏதோ சாப்பாட்டுக் கடை மெனு எண்டுதான் நினைச்சன். கீழ வொயிஸ் மெசேஜ், "தம்பி, இது எங்கட கொலிஜில இருக்கிற மட்ஸ் கோர்ஸ் எல்லாம், இதில நான் எதை எடுக்கிறது, நீதானே மட்ஸ் மாஸ்டர்".

மட்ஸ் மாஸ்டர் எண்டது பழைய கதை. பன்னிரண்டு வருசம் கொக்குவிலில ஒரு ரியூட்டரியில ஓ/எல், அதாவது சாதாரணதரப் பிள்ளையளுக்கு மட்ஸ் படிப்பிச்சனான், இப்ப திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட போட்டோகொப்பி, லமினேற்றிங், ஒன்லைன் அப்ளிகேசன் நிரப்பிக் குடுக்கிறது, அவ்வளவுதான் தொழில். அக்கா கலிபோர்னியாவில இருக்கிறா, 48 வயசு, ஒரு சூப்பர்மார்க்கற்றில காஷியர், மகள் கம்பஸ் போட்டாள், வீடு வெறிச்செண்டு கிடக்குது, கணக்கியல் படிச்சு ஒரு ஒபிஸ் வேலைக்குப் போவம் எண்டு வெளிக்கிட்டிட்டா. அதுக்குத்தான் இந்தக் கொமியுனிற்றி கொலிஜ்.

இஞ்ச ஆரும் கேட்டால் நான் சொல்லுறது, எங்கட ரெக்னிக்கல் கொலிஜையும் குருநகரில இருக்கிற உயர் தொழில்நுட்ப நிறுவகத்தையும் சேர்த்துக் கலக்கின மாதிரி ஒண்டு எண்டு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அங்க ரெண்டு வருசம் படிச்சிட்டு அந்தப் பாடங்களை அப்பிடியே தூக்கிக்கொண்டு போய் பெரிய யுனிவேர்சிற்றியில மூண்டாம் வருசத்தில சேரலாம். அமெரிக்காவில இந்த வகைக் கொலிஜ் 1901 இல இல்லினோய் மாநிலத்தில ஜோலியற் எண்ட இடத்தில துவங்கினதாம், இப்ப கலிபோர்னியாவில மட்டும் 116 இருக்கு. வயசு எல்லை இல்லை. அந்த மாநிலத்தில குடியிருக்கிற ஆளுக்கு பாடத்தின்ர அளவைச் சொல்லுற ஒரு யுனிற்றுக்கு 46 டொலர், அப்ப நாலு யுனிற் பாடம் ஒண்டுக்கு 184 டொலர். டொலர் முந்நூறு ரூவா எண்டு வைச்சால் 55,200 ரூவா வருது, எங்களுக்குப் பெரிய காசுதான், அங்கத்தைய யுனிவேர்சிற்றிக் காசோட பாத்தால் தேத்தண்ணிக் காசு. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அந்தக் காசையும் விட்டுக்குடுக்கிறாங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவம். நான் அதைப் பிறின்ற் எடுத்து மேசையில வைச்சு சிவப்புப் பேனையால கோடு கீறிக் கீறிப் பாத்தன், பழைய புத்தி போகாதுதானே. அடியில இன்ரமீடியற் அல்ஜிப்ரா, அது எங்கட ஓ/எல் அட்சரகணிதம், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, மடக்கை உதுகள். இதைப் படிச்சால் யுனிவேர்சிற்றிக் கணக்கில சேராது. அதுக்கு மேல கொலிஜ் அல்ஜிப்ரா, திரிகோணகணிதம், ரெண்டையும் ஒண்டாப் பிசைஞ்ச பிறீகல்குலஸ். பிறகு கல்குலஸ் ஒண்டு, ரெண்டு, மூண்டு. அதுக்கும் மேல நேர்கோட்டு அட்சரகணிதம், அதாவது நாங்கள் தாயம் எண்டு படிச்ச சங்கதியின்ர பெரியண்ணன், வகையீட்டுச் சமன்பாடு, கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளையளுக்கு டிஸ்கிறீற் மட்ஸ். இந்த ஏணிக்குப் பக்கத்தில தனியா ஒரு வாசல் மாதிரி ஸ்டற்றிஸ்டிக்ஸ், எங்கட புள்ளிவிபரவியல். சின்ன வகுப்பு ரீச்சரா வரப்போற ஆக்களுக்கு ஒரு மட்ஸ், பிஸ்னஸ் ஆக்களுக்கு ஒரு கல்குலஸ், ஆர்ட்ஸ் படிக்கிற ஆக்களுக்குக் கூட ஒரு மட்ஸ் எண்டு வைச்சிருக்கிறாங்கள்.

எங்கட ஏ/எல், அதாவது உயர்தர இணைந்த கணிதத்தை இதுக்குள்ள எங்க வைக்கிறது எண்டு பாத்தால் பெரிய பகிடி. தூய கணிதத்தில பாதி பிறீகல்குலஸுக்குள்ள போகுது, வகையீடு முழுக்கக் கல்குலஸ் ஒண்டு, தொகையீட்டில கனக்க கல்குலஸ் ரெண்டு, ஆனால் அங்க முடிவில்லாத் தொடருகள் ஒருங்குமோ ஒருங்காதோ எண்டு பாக்கிறதுக்கு வைச்சிருக்கிற விதவிதமான சோதினையள் எங்களுக்குப் புதுசு. எங்கட உயிரை எடுத்த பிரயோக கணிதம், அந்தக் கப்பியும் சாய்தளமும் எறியமும், அது அங்க மட்ஸ் டிப்பார்ட்மென்றிலயே இல்லை, பிசிக்ஸுக்குள்ள போட்டுது. இதைச் சொன்னவுடன அக்கா, "அப்ப நான் சும்மாவே அழுதனான்" எண்டா.

அக்கா மட்ஸ் ஸ்ரீம். 1996 இல ஏ/எல் எடுக்க வேண்டியவ. 1995 ஒக்டோபர் 30, சண்டையால வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போன அண்டைக்கு எங்கட வீட்டில கொப்பி புத்தகம் எல்லாம் மேசையில அப்பிடியே கிடந்துது, நாங்கள் திரும்பி வரேக்க மேசையும் இல்லை. அக்கா பிறகு சோதனை எடுக்கேல்லை, கலியாணம் வந்துது, போட்டா. இதை விரிச்சு எழுத இல்லை நான் இதைத் துவங்கினது.

கொலிஜ் ஒபிஸில பாடம் தெரிவு செய்ய உதவுற கவுன்சிலர் பிள்ளை சொன்னது கணக்கியல் படிக்கிறதுக்கு ஸ்டற்றிஸ்டிக்ஸ் போதும், அதையே எடுங்கோ எண்டு. அக்காவுக்கு முகம் விழுந்திட்டுது. அவவுக்கு உள்ளுக்குள்ள கல்குலஸ் ஆசை. நான் ஒரு மாஸ்டருக்குரிய எடுப்போட, "அக்கா, முதல்ல உங்களுக்கு ஒரு பிளேஸ்மென்ற் ரெஸ்ற் வைப்பாங்கள், அதில எந்தப் படியில நிக்கிறியள் எண்டு தெரியும், அங்க இருந்து ஏறுங்கோ" எண்டன். அவ போய்க் கேட்டிட்டு வந்து, "ஒரு ரெஸ்றும் இல்லையாம்" எண்டா. இதென்ன நாடு எண்டு எனக்கு ஒரே யோசினை. கிட்டத்தட்ட முப்பது வருசம் கணக்குப் பக்கமே போகாத ஆளை ரெஸ்ற் ஒண்டும் வைக்காமல் வகுப்புக்குள்ள விடுறதோ?

பிறகு வாசிச்சுப் பாத்தன். முந்தி ரெஸ்ற் வைச்சவங்கள்தான். அதில குறைஞ்ச ஆக்களை ரெண்டு படி, மூண்டு படி கீழ கொண்டே விடுறது, பின்னமும் சதவீதமும் துவங்கி ஒவ்வொரு படிக்கும் ஒரு செமஸ்ரர். கேக்க நியாயமாத்தான் இருக்குது, என்ர ரியூட்டரியிலயும் நான் அதைத்தான் செய்திருப்பன். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கோ, ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு படியிலயும் நூறுக்கு எழுபது பேர் தப்பி மேல போகினம் எண்டு வைப்பம், அது நல்ல றிசல்ற்தானே. நூறு எழுபதாகும், எழுபது 49 ஆகும், பிறகு 34, நாலாம் படி முடிய 24 பேர். ஒரு ரீச்சரும் பிழை விடேல்லை, ஒரு படியும் பொல்லாத படி இல்லை, எண்டாலும் முக்கால்வாசி ஆக்கள் ஏணியிலயே காணாமல் போயிட்டினம். அதுவும் வேலைக்குப் போற, பிள்ளை வளக்கிற ஆக்கள் எண்டால் சோதனையில விழுந்துதான் நிப்பினம் எண்டில்லை, பாஸ் பண்ணிப்போட்டும் அடுத்த செமஸ்ரருக்குப் பதியாமல் விட்டிடுவினம். அதுக்குத்தான் 2017 இல ஏபி 705 எண்டு ஒரு சட்டம் கொண்டுவந்து, 2019 இல இருந்து முழுசா நடைமுறைக்கு வந்து, ஒரு வருசத்துக்குள்ள யுனிவேர்சிற்றித் தரத்து மட்ஸை முடிக்கக் கூடியமாதிரித்தான் ஆளைச் சேர்க்க வேணும் எண்டு சொல்லிப்போட்டாங்கள். பள்ளிக்கூடத்தில என்ன படிச்சது, என்ன றிசல்ற் எண்டு பாக்கிறது, அந்தப் பத்திரம் இல்லாத அக்கா மாதிரி ஆக்கள் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து தன்னைத்தானே கேட்டுப் பாத்து முடிவெடுக்கிறது. உதவி வேணுமெண்டால் அதே வகுப்போட ஒட்டின மாதிரி இன்னொரு சின்ன வகுப்பு.

பிறகு 2022 இல ஏபி 1705 எண்டு இன்னொண்டு, சயன்ஸ், இஞ்சினியரிங் பக்கம் போற பிள்ளையளை முடிஞ்சளவுக்கு நேரா கல்குலஸிலயே விடச் சொல்லுது. அதில அங்கத்தைய மட்ஸ் ரீச்சர்மாருக்குள்ளயே சண்டை. திரிகோணகணிதம் வராத பிள்ளைக்கு என்னெண்டு கல்குலஸ் படிப்பிக்கிறது எண்டு கேக்கிற ஆக்களின்ர பக்கமும் நியாயம் இருக்கு, நான் அந்தக் கட்சிதான் எண்டு வையுங்கோ. ஆனால் அந்த நூறு, எழுபது, 49, 34, 24 ஐ எழுதின கடதாசி இன்னும் என்ர மேசைக் கண்ணாடிக்குக் கீழ கிடக்குது.

ஓகஸ்ட் கடைசியில வகுப்புத் துவங்கினது. அதுக்கு முதல் அந்த மாநிலத்தில எல்லாக் கொலிஜும் ஸ்டற்றிஸ்டிக்ஸுக்கு ஒவ்வொரு நம்பர் வைச்சிருந்ததாம், 2025 இலையுதிர் காலத்தில இருந்து எல்லா இடமும் ஒரே பேர், ஸ்டாட் சி1000. அக்கா அந்த முதல் செற். அவவுக்கு இரவு ஒன்பது மணி எண்டால் எனக்கு அடுத்த நாள் காலமை ஒன்பதரை, கடையில கூட்டம் குறைவான நேரம், போனை ஒரு பேப்பர் ரீமில சாய்ச்சு வைச்சிட்டு வகுப்பு எடுக்கிறது. நவம்பரில அவங்கள் மணிக்கூட்டைத் திருப்பினவுடன அது பத்தரை ஆகிப் போச்சு, பத்தரைக்கு இஞ்ச அடையாள அட்டைக் கொப்பி எடுக்கிற சனம் லைனில நிக்கும், அந்த மாதம் பாதி வகுப்பு லைனில நிண்ட ஆக்களும் சேர்ந்துதான் படிச்சவை.

முதல் ரெண்டு கிழமையும் சொல்லுகளோட மல்லுக்கட்டு. அக்காவின்ர புத்தகம் இங்கிலீசு, அது ஒன்லைனில ஓசியாக் கிடைக்கிற புத்தகம், தலையில இருக்கிற மட்ஸ் முழுக்க யாழ்ப்பாணத்துத் தமிழ். மீன் (mean) எண்டால் இடை, அதாவது சராசரி, மீடியன் எண்டால் இடையம், மோட் எண்டால் ஆகாரம் எண்டன். "ஆகாரமோ? சாப்பாட்டுக்கும் மட்ஸுக்கும் என்னடா" எண்டு சிரிச்சா, பேந்துதான் பள்ளிக்கூடத்தில படிச்ச ஞாபகம் வந்துது. ஹைபோதிசிஸ் ரெஸ்ற் வந்தவுடன இன்னும் மோசம். செற் (set) எண்டதைத் தொடை எண்டும் ஒண்டுமில்லாத நல் (null) செற்றைச் சூனியத் தொடை எண்டும் படிச்ச சனம் நாங்கள், அந்தப் பழக்கத்தில நல் ஹைபோதிசிஸைச் சூனியக் கருதுகோள் எண்டு சொன்னன். ஆர் ஆருக்குச் சூனியம் வைச்சது எண்டு அக்கா கேட்டா, கடையில நிண்ட ஒரு அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தவ.

எனக்கு மறக்க முடியாத நாள் நியம விலகல் படிப்பிச்ச நாள்தான். சந்தையில அஞ்சு முருங்கைக்காய் கட்டு ஒண்டு வாங்கிக் கொண்டுவந்து, கடை அடிமட்டத்தால போனுக்கு முன்னால பிடிச்சு ஒவ்வொண்டா அளந்தன், வளைஞ்ச காயை நிமித்தி அளக்கிறதே பெரும்பாடு, கொஞ்சம் அப்பிடி இப்பிடித் திருத்தி 38, 39, 40, 41, 42 சென்ரிமீற்றர் எண்டு எழுதினன். இடை 40. பக்கத்தில இன்னொரு கட்டை நானா மனசால கட்டினன், 25, 30, 40, 50, 55, அதுக்கும் இடை 40 தான், ஆனால் எந்த மனுசி அந்தக் கட்டை வாங்குவா? அந்த வித்தியாசத்தை ஒரு நம்பராச் சொல்லுறதுதான் நியம விலகல் எண்டன். அக்காவுக்கு அது உடன பிடிபட்டிட்டுது. சரி இப்ப முதல் கட்டுக்குக் கணியுங்கோ எண்டன், நானும் கணிச்சன். எனக்கு 1.41. அக்காவுக்கு 1.58.

"அக்கா பிழை, திருப்பிச் செய்யுங்கோ."

"நான் ரெண்டு தரம் செய்திட்டன் தம்பி. லைபிறறியில இரவல் எடுத்த கல்குலேற்றரும் அதைத்தான் சொல்லுது."

"கல்குலேற்றரில அமத்தினது பிழையா இருக்கும். வித்தியாசங்களின்ர வர்க்கத்தைக் கூட்டினால் பத்து, அஞ்சால பிரிச்சால் ரெண்டு, வர்க்கமூலம் 1.41."

"அஞ்சால இல்லையாம், நாலால பிரிக்கட்டாம். புத்தகத்தில இருக்கு."

புத்தகத்தில பிழை எண்டன். சத்தியமாச் சொன்னனான், என்ர வாயாலதான். அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சு, பின்னேரம் தனிய இருந்து யோசிக்கேக்கதான் விளங்கினது. நாங்கள் ஏ/எல்லுக்குச் செய்தது இருக்கிற தரவு முழுசையும் எடுத்து அதின்ர எண்ணிக்கையால (n) பிரிக்கிறது. அக்கா படிக்கிறது சாம்பிள். அந்த அஞ்சு காயும் சந்தையில கிடந்த அவ்வளவு முருங்கைக்காயும் இல்லையே, அள்ளி எடுத்த அஞ்சுதானே. இடை 40 எண்டதையும் அதே அஞ்சில இருந்துதான் எடுத்தனாங்கள், அதால வித்தியாசங்களைக் கூட்டினால் பூச்சியம் வந்தே தீரும். மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒண்டு, பூச்சியம், ஒண்டு எண்டு நாலைச் சொல்லிப்போட்டால் அஞ்சாவது ரெண்டாத்தான் இருக்க வேணும், அதுக்கு வேற வழியில்லை, தன்ர விருப்பத்துக்கு நிக்கிறது நாலே நாலுதான். தன்ர இடையைச் சுத்தித் தானே நிக்கிறபடியால சாம்பிள் சராசரியாப் பாத்தால் சந்தையை விடக் கொஞ்சம் அடக்கமாத் தெரியும், நாலால பிரிச்சு அந்த அடக்கத்தைக் கொஞ்சம் தூக்கி விடுறாங்கள். பன்னிரண்டு வருசம் படிப்பிச்ச எனக்கு இதை ஒருத்தரும் சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை. அடுத்த நாள் அக்காட்ட மன்னிப்புக் கேட்டன், காய் அண்டைக்கே கறியாப் போட்டுது.

அக்டோபரில இசட் ஸ்கோர் வந்துது. புத்தகத்தில அது ஒரு ஒண்டரைப் பக்கம், ஒரு சின்னச் சமன்பாடு. ஆனால் யாழ்ப்பாணத்தில அந்தச் சொல்லுக்கு இருக்கிற பாரம் அக்காவுக்குத் தெரியாது, அவ படிச்ச காலத்தில அது இல்லை, 2001 இல இருந்துதான் கம்பஸ் அனுமதிக்கு இசட் ஸ்கோர். இப்ப றிசல்ற் வாற இரவு ஒவ்வொரு வீட்டிலயும் கேக்கிற முதல் கேள்வி அதுதான், ஏ எத்தினை பி எத்தினை எண்டதெல்லாம் பேந்து. நாலு தசமதானத்துக்கு வரும். அந்த நாலாவது தசமத்தால இஞ்சினியரிங் போனவனும் இருக்கிறான், பிசிக்ஸ் லாபில போய் நிண்டவனும் இருக்கிறான். என்ர இசட் ஸ்கோர் எனக்கு இப்பவும் நாலு தசமதானத்தோட பாடம், இஞ்ச எழுதமாட்டன்.

அதை ஆரும் எப்பிடிக் கணிக்கிறது எண்டு கேட்டால் எங்கட பெற்றோரில முக்கால்வாசி கையை விரிப்பினம். எக்ஸ் எண்டு எழுதுற, பெற்ற புள்ளியில இருந்து அந்தப் பாடத்தின்ர இடையைக் கழிச்சு நியம விலகலால பிரிக்கிறது, அவ்வளவுதான். ஒரு பாடத்தில எல்லாருடைய இடையும் 40, நியம விலகல் 20, நீங்கள் 60 எடுத்தால் இசட் ஒண்டு. இன்னொரு பாடத்தில இடை 65, விலகல் 10, நீங்கள் 75 எடுத்தாலும் இசட் ஒண்டுதான். கஷ்டமான பாடத்து 60 உம் லேசான பாடத்து 75 உம் ஒரே உயரம், பிறகு மூண்டு பாடத்தையும் கூட்டிச் சராசரி. அக்கா கணக்கு முழுக்கக் கேட்டிட்டு, நல்ல முறைதானே, இதில ஏன் அழுகினம் எண்டா. முறையில ஒண்டும் பிழை இல்லையக்கா, அங்க உங்களுக்கு அடுத்த செமஸ்ரர் இருக்கு, இஞ்ச ஒரு பிள்ளைக்கு மொத்தமே மூண்டு தரம் எண்டன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "அப்ப நான் எடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு வந்திருக்கும்?" எண்டு கேட்டா.

எக்ஸ் இல்லாமல் இசட் கணிக்க ஏலாது அக்கா எண்டன். சொன்ன பிறகு ஏன் சொன்னன் எண்டு இருந்துது.

நடுவில ஒருக்கா அக்கா பயந்து, ரெண்டாவது ரெஸ்றில புள்ளி விழுந்திட்டுது, டபிள்யூ எடுக்கலாமாம், எடுக்கட்டோ எண்டு மெசேஜ் போட்டா. எனக்கு நெஞ்சு பக்கெண்டது. எங்கட ஊரில டபிள்யூ எண்டால் 35 க்குக் கீழ, சித்தியில்லை, வீட்டில இழவு. அங்க டபிள்யூ எண்டால் வித்றோவல், குறிச்ச திகதிக்குள்ள வகுப்பை விட்டு விலகிறது, சராசரியில கைவைக்காது, அடுத்த முறை திரும்பிப் பதியலாம். ஆனால் மற்றப்பக்கம் பாத்தால் எங்களுக்கு எஸ் எடுத்தாலும் பாஸ், அங்க அடுத்த படிக்கு ஏற சி வேணும், டி எடுத்தால் திரும்பப் படி எண்டு விட்டிடுவாங்கள். அக்கா டபிள்யூ எடுக்கேல்லை. ரீச்சரின்ர 'ஒபிஸ் அவர்ஸ்' நேரத்துக்குப் போய் இருந்து கேட்டிருக்கிறா, படிப்பிக்கிற ஆள் கிழமைக்கு இத்தினை மணித்தியாலம் கதவைத் திறந்து வைச்சிருக்க வேணுமாம், காசில்லாமல். ரியூசன் எண்ட சாமானை நாங்கள் கண்டுபிடிச்ச மாதிரி அவங்கள் அதைக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்.

டிசம்பரில றிசல்ற், பி. எங்கட பி இல்லை, அவங்கட பி, எண்டாலும் அம்மா ரெண்டு வீடு தள்ளிப் போய்க் கற்கண்டு குடுத்தவ.

கணக்கியலுக்கு வேண்டிய மட்ஸ் அதோட முடிஞ்சுது. இனி ஒரு மட்ஸும் தேவையில்லை எண்டு கவுன்சிலர் பிள்ளையும் சொல்லிப்போட்டுது. போன கிழமை திரும்ப ஒரு ஸ்கிறீன்சொட் வருது, கல்குலஸ் ஒண்டு, அஞ்சு யுனிற், பின்னேர வகுப்பு, உதவி வகுப்பும் சேர்த்து. காசும் கட்டியாச்சு. நான் அக்கா முதல்ல பிறீகல்குலஸை எடுங்கோ, திரிகோணகணிதம் எல்லாம் துருப்பிடிச்சிருக்கும் எண்டு தலைகீழா நிண்டு பாத்தன். "95 இல நான் வகையீடு முடிச்சு வைச்சிட்டுப் போனனான், மிச்சத்தைத்தான் இப்ப படிக்கப் போறன்" எண்டா. இதுக்கு என்ன சொல்லுறது.

கூடவே ஒரு ஓடரும். கடையில விக்கிற மடக்கை அட்டவணை ஒண்டு அனுப்பட்டாம். அங்க கிறாஃப் கீறுற கல்குலேற்றர் கையில தருவாங்கள், மடக்கை அட்டவணையை ஒருத்தரும் கண்டிருக்கவே மாட்டாங்கள், உங்களுக்கு என்னத்துக்கு எண்டன். பாவிக்க இல்லையாம், பக்கத்தில கிடக்கட்டாம். தபாலில போட்டால் புத்தகத்தின்ர விலையை விடத் தபால் காசு எத்தினையோ மடங்கு. நல்லகாலம் எங்கட ஒழுங்கையில ஒரு குடும்பம் வாற மாதம் அந்தப் பக்கம் போகுது, கேட்டுப் பாத்தன், புத்தகத்துக்கு இடம் இருக்காம், அம்மா கட்டி வைச்ச பருத்தித்துறை வடைப் பார்சலுக்குத்தான் இடமில்லையாம்.